சர்வர் பேசுமா? உபுண்டு சர்வரில் சவுண்ட் கார்டை இயக்கிய கதை

"சர்வருக்கு எதுக்குப்பா ஸ்பீக்கர்?" ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். சர்வர் என்றால் ஒரு மூலையில் இருந்துகொண்டு, கேட்ட ஃபைலைக் கொடுத்துவிட்டு, சத்தம் போடாமல் கிடக்க வேண்டிய ஜென்மம். அதற்குப் பாட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக் கதை வேறு. அம்மா தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். எனக்குச் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. காலை 8 மணிக்கு ஒரு மாத்திரை, இரவு 8 மணிக்கு ஒரு மாத்திரை. 2024 ஆகஸ்டு கடைசியில் ஊருக்குப் போயிருந்தபோது மாத்திரை அட்டையைத் தற்செயலாக எடுத்துப் பார்த்தேன். தீர்ந்திருக்க வேண்டிய இரவு மாத்திரையில் ஒன்பது மிச்சம். "சீரியல் பார்த்துட்டே இருந்தேனா, மறந்துட்டேன் தம்பி" என்றார். மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அதை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

செல்போனில் அலாரம் வைத்தாயா என்று கேட்பீர்கள். வைத்தேன். போன் பூஜை அறையில் சார்ஜில் இருக்கும், அம்மா ஹாலில் இருப்பார். பக்கத்திலேயே இருந்தால் அலாரத்தை அணைத்துவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிடுவார். பேசும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாம் என்றால், அது இன்டர்நெட் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் தெருவில் நான்கு தூறல் போட்டால் நெட் போய்விடும்.

ஆனால் அந்த ஹாலிலேயே, அலமாரியின் மேல் தட்டில், இருபத்து நான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது ஒரு கம்ப்யூட்டர். 2014-ல் நான் இன்ஜினீயரிங் முதலாண்டு சேர்ந்தபோது வாங்கிய அசெம்பிள்டு மெஷின். நான்காம் தலைமுறை கோர் ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம். விண்டோஸ் 11-க்கு இந்த பிராசசர் ஒத்துவராது. அதனால் உபுண்டு சர்வர் 24.04 போட்டு, குடும்பப் போட்டோக்களை எல்லாம் சேமித்து வைக்கும் ஃபைல் சர்வராக மாற்றியிருந்தேன். மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. சென்னையிலிருந்து எஸ்எஸ்ஹெச் மூலம் உள்ளே நுழைந்து பார்த்துக்கொள்வேன்.

இதன் பின்னால் ஒரு ஜோடி ஸ்பீக்கரைச் செருகி, நேரத்துக்கு நேரம் என் குரலிலேயே மாத்திரையை நினைவூட்டினால் என்ன? ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

டெஸ்க்டாப்பையே போட்டுவிடலாமே?

போடலாம். உபுண்டு டெஸ்க்டாப்பில் சவுண்ட் தானாகவே வந்துவிடும். ஆனால் 4 ஜிபி ராமில் அது திணறும். அதோடு, யாருமே பார்க்காத திரைக்கு ஒரு டெஸ்க்டாப்பை எந்நேரமும் ஓட விடுவானேன்? போட்டோக்கள் இருக்கும் மெஷினை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யவும் எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். உபுண்டு சர்வருக்கும் உபுண்டு டெஸ்க்டாப்புக்கும் கெர்னல் ஒன்றேதான். சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் இரண்டிலும் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: தன் முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று டெஸ்க்டாப் நினைத்துக்கொள்கிறது; யாரும் இல்லை என்று சர்வர் நினைத்துக்கொள்கிறது. யாரும் இல்லாத அறையில் யாருக்காகப் பேசுவது? அதனால் வழியில் உள்ள கதவுகளை எல்லாம் சாத்தியே வைத்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அவற்றை ஒவ்வொன்றாகத் திறப்பதுதான். டிரைவர் தேடி அலைய வேண்டாம்.

நான் அலைந்தேன். முதல் சனிக்கிழமை முழுவதும் வீண். மதர்போர்டில் இருந்த சவுண்ட் சிப்பின் பெயரை வைத்து நெட்டில் தேடி, ஒரு பழைய டிரைவர் தொகுப்பை டவுன்லோடு செய்து, கம்பைல் செய்யப் பார்த்தேன். புதிய கெர்னலோடு அது ஒத்துப்போகாமல் பக்கம் பக்கமாக எர்ரர் வந்தது. சவுண்ட் வரவில்லை என்றால் டிரைவர் இல்லை என்று முடிவு கட்டுவது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பழக்கம். வீட்டு கம்ப்யூட்டரில் வளர்ந்த எல்லோருக்கும் அது ரத்தத்தில் ஊறியிருக்கிறது.

அந்தக் காலத்தில் அது சரியும்கூட. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை வெளியிட்ட பிறகு பல வருடங்களுக்கு சவுண்ட் கார்டு என்பது தனியாக வாங்கிச் செருகும் பொருள். கார்டுக்குக் கார்டு டிரைவர் வேறு. பிறகு 1997-ல் இன்டெல் வகுத்த ஏசி'97 என்ற வரைமுறையால் சவுண்ட் மதர்போர்டுக்குள்ளேயே குடியேறியது. 2004-ல் அதே இன்டெல் ஹெச்டி ஆடியோ என்ற வரைமுறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு வந்த பெரும்பாலான மதர்போர்டுகளில் இருப்பது இந்த வகைதான். லினக்ஸில் இதற்கான டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. அல்சா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அட்வான்ஸ்டு லினக்ஸ் சவுண்ட் ஆர்க்கிடெக்சர், 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலிலேயே இடம்பிடித்துவிட்டது.

கார்டு தெரிகிறதா என்று பாருங்கள்

முதலில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையைக் கொடுங்கள். (கட்டளைகள் எல்லாமே சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டியவை.) மதர்போர்டில் உள்ள சாதனங்களின் பட்டியல் வரும். அதில் ஆடியோ என்ற சொல் உள்ள வரிகளைத் தேடுங்கள். எனக்கு இரண்டு வரிகள் வந்தன. ஒன்றில் ஜியான் பிராசசர் என்றுகூட எழுதியிருந்தது. என்னடா இது, நம் ஐ3 எப்போது ஜியான் ஆனது என்று குழம்பாதீர்கள். அந்தத் தலைமுறையின் இரண்டு பிராசசர்களுக்கும் ஆடியோ பகுதி ஒன்றே என்பதால் பெயரைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து, பிராக் ஃபோல்டருக்குள் அசவுண்ட் என்ற ஃபோல்டரில் கார்ட்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதை கேட் கட்டளை மூலம் திறந்து பாருங்கள். கெர்னல் எந்தெந்த சவுண்ட் கார்டுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை அதுவே சொல்லும். என்னுடையதில் 0 என்ற எண்ணுக்கு நேராக ஹெச்டிஎம்ஐ என்றும், 1 என்ற எண்ணுக்கு நேராக பிசிஹெச் என்றும் இருந்தன. அதாவது, டிரைவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது! இந்த ஃபைலை முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு சனிக்கிழமை மிச்சமாகியிருக்கும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பட்டியல் காலியாக இருந்தால் முதலில் பயோஸுக்குள் போய் ஆன்போர்டு ஆடியோ எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சர்வராகப் பயன்படுத்துகிறோமே என்று நீங்களே எப்போதோ அணைத்து வைத்திருக்கலாம். விர்ச்சுவல் மெஷினில் உபுண்டு ஓட்டுபவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அவற்றுக்கென்று தரப்படும் மெலிந்த கெர்னலில் சவுண்ட் மாட்யூல்கள் சேராது. லினக்ஸ் மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா என்ற பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டும்.

இல்லை என்றால், அனுமதி இல்லை என்று அர்த்தம்

சர்வரில் சவுண்டைக் கையாளும் கருவிகள் இன்ஸ்டால் ஆகியிருக்காது. அல்சா-யூட்டில்ஸ் என்ற பேக்கேஜை ஆப்ட் மூலம் இன்ஸ்டால் செய்யுங்கள். ஏபிளே, அல்சாமிக்சர், ஸ்பீக்கர்-டெஸ்ட் என்று நமக்குத் தேவையான எல்லாம் அதில் வந்துவிடும்.

இன்ஸ்டால் ஆனதும் ஏபிளே என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் சின்ன எல் எழுத்தும் சேர்த்துக் கொடுத்தேன். சவுண்ட் கார்டு எதுவும் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. இப்போதுதானே இரண்டு கார்டு இருப்பதாகக் கெர்னல் சொன்னது?

அதே கட்டளையை சூடோ சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு கார்டும் வந்து நின்றன. கார்டு இருக்கிறது, எனக்குத்தான் அதைத் தொட அனுமதி இல்லை. "அனுமதி இல்லை" என்று நேராகச் சொல்லாமல் "கார்டே இல்லை" என்று சொல்லும் இந்த எர்ரர் செய்தி எத்தனை பேரை டிரைவர் தேட அனுப்பியிருக்குமோ!

காரணம் இதுதான். லினக்ஸில் சவுண்ட் சாதனங்கள் ஆடியோ என்ற குரூப்புக்குச் சொந்தம். டெஸ்க்டாப்பில் மெஷின் முன்னால் உட்கார்ந்து லாகின் செய்பவருக்கு சிஸ்டம் தற்காலிகமாக அனுமதி கொடுத்துவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து வருபவருக்குக் கொடுக்காது. கொடுக்காமல் இருப்பதும் நல்லதுதான், மைக்ரோபோனும் இதே குரூப்பில்தான் இருக்கிறது. எங்கிருந்தோ லாகின் செய்கிறவன் வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கக் கூடாது அல்லவா?

ஆகவே உங்கள் யூசர் பெயரை ஆடியோ குரூப்பில் நீங்களே சேர்க்க வேண்டும். யூசர்மாட் என்ற கட்டளையோடு மைனஸ் போட்டு, சின்ன ஏ எழுத்தையும் பெரிய ஜி எழுத்தையும் ஒட்டிக் கொடுத்து, பிறகு ஆடியோ, பிறகு உங்கள் யூசர் பெயர். சின்ன ஏ எழுத்தை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால் நீங்கள் இருக்கும் மற்ற குரூப்புகளிலிருந்து, சூடோ உட்பட, உங்களை வெளியே தள்ளிவிடும். மானிட்டர் இல்லாத சர்வரில் சூடோ போய்விட்டால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குத்தான் போக வேண்டும். சேர்த்த பிறகு லாக்-அவுட் செய்து மறுபடி லாகின் செய்தால்தான் நடைமுறைக்கு வரும்.

இல்லாத ஃபைலைத் தேடி

அல்சாவோடு சில மாதிரி ஒலி ஃபைல்களும் வரும். அதில் ஒன்றை ஏபிளேயிடம் கொடுத்தேன். அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை என்று எர்ரர். ஃபைல் பெயரைச் சரிபார்த்தேன். இருக்கிறது. காப்பி செய்து வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன். அதே எர்ரர். அரை மணி நேரம் ஃபைலோடு மல்லுக்கட்டிய பிறகுதான் எர்ரரின் முதல் வரியைக் கவனித்தேன். அல்சாவால் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று அதில் இருந்தது. லினக்ஸில் சாதனமும் ஒரு ஃபைல்தான் என்று கல்லூரியில் படித்தது அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று அது சொன்னது பாட்டு ஃபைலை அல்ல, சாதனத்தை!

அந்த இரண்டு எண்கள் நினைவிருக்கிறதா? வேறு எதுவும் சொல்லாவிட்டால் அல்சா 0 எண் கார்டுக்குத்தான் ஒலியை அனுப்பும். என் மெஷினில் 0 என்பது ஹெச்டிஎம்ஐ, அதாவது மானிட்டர் கேபிள் வழியாகப் போகும் ஒலி. ஸ்பீக்கர் செருகும் ஓட்டைகள் இருப்பது 1 எண் கார்டில். நான்காம் தலைமுறை இன்டெல் மெஷின் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும்.

இதைச் சரிசெய்ய, ஈடிசி ஃபோல்டரில் அசவுண்ட் டாட் கான்ஃப் என்று ஒரு ஃபைல் உருவாக்கி இரண்டு வரி எழுத வேண்டும். முதல் வரி: டிஃபால்ட்ஸ் டாட் பிசிஎம் டாட் கார்டு 1. இரண்டாவது வரி: டிஃபால்ட்ஸ் டாட் சிடிஎல் டாட் கார்டு 1. எண் உங்கள் மெஷினில் வேறாக இருக்கலாம். யுஎஸ்பி ஹெட்செட் போன்றவற்றைச் செருகிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் இந்த எண்கள் இடம் மாறவும் கூடும். அதனால் ஏபிளேயைக் கூப்பிடும்போது எண்ணுக்குப் பதில் பிசிஹெச் என்ற பெயரையே கொடுத்துவிடுவது பத்திரம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

எர்ரர் போனது. ஏபிளே சமர்த்தாக ஓடி முடிந்தது. ஆனால் சத்தம்?

"கேக்குதாம்மா?"

இதை எல்லாம் சென்னையிலிருந்து செய்துகொண்டிருந்தேன் என்பதை மறந்துவிடாதீர்கள். ஸ்பீக்கரை முந்தைய வாரமே ஊருக்குப் போய் வைத்துவிட்டு வந்திருந்தேன். சத்தம் வருகிறதா என்று பார்க்க என்னிடம் இருந்த ஒரே கருவி அம்மாவின் காது.

"கேக்குதாம்மா?"

"எதுப்பா?"

"ஸ்பீக்கர்ல ஏதாவது சத்தம் வருதா?"

"ஃபேன் சத்தம்தான் வருது."

அல்சாவைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். அல்சாவில் ஒரு சேனல் முதன்முதலில் இயங்கும்போது மியூட்டில் இருக்கும். திடீரென்று முழு சத்தத்தில் அலறி ஸ்பீக்கரையோ காதையோ கெடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. அல்சாமிக்சர் என்று கொடுத்தால் திரையில் வரிசையாகத் தூண்கள் தெரியும். எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள். தூணின் கீழே இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் அது மியூட். அம்புக்குறி கீயால் அங்கே போய் எம் கீயை அழுத்தினால் எம்எம் மாறி இரண்டு பூஜ்யங்கள் ஆகும். மேல் அம்பு சத்தத்தைக் கூட்டும். மாஸ்டர் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு நிற்காதீர்கள். ஃப்ரண்ட், லைன் அவுட், பிசிஎம் என்று வழியில் இருப்பவை எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

கடைசியில் ஆட்டோ-மியூட் என்று ஒன்று இருக்கும். ஹெட்போன் செருகினால் பின்பக்க ஸ்பீக்கரைத் தானாக அணைக்கும் வசதி. கேபினெட்டின் முன்பக்க ஒயர் பழசாகிவிட்டால் செருகாத ஹெட்போனைச் செருகியதாக நினைத்துக்கொள்ளும். சர்வரில் அதை டிசேபிள் செய்துவிடுவது நல்லது.

எல்லாம் திறந்தாயிற்று. "இப்ப கேக்குதாம்மா?" "இல்லையேப்பா."

இந்த இடத்தில் ஹெச்டி ஆடியோவின் ஒரு அருமையான வசதி கைகொடுத்தது. எந்த ஓட்டையில் பின் செருகப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியும். அமிக்சர் என்ற கட்டளையோடு கன்டென்ட்ஸ் என்று சேர்த்துக் கொடுத்தால் ஒரு நீளமான பட்டியல் வரும். அதில் ஜாக் என்று முடியும் பெயர்களைப் பாருங்கள். எனக்கு லைன் அவுட் ஜாக் ஆஃப் என்றும், பின்பக்க மைக் ஜாக் ஆன் என்றும் இருந்தது. 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, தஞ்சாவூர் அலமாரிக்குப் பின்னால் ஒரு பின் தப்பான ஓட்டையில் இருப்பதைப் பார்க்க முடிந்தது.

"அம்மா, ஸ்பீக்கர் ஒயர் எந்தக் கலர் ஓட்டையில இருக்கு?"

"ரோஸ். முந்தாநாள் ஒட்டடை அடிக்கறப்ப கழண்டு விழுந்துச்சு, நான்தான் சொருகி வெச்சேன்."

"பச்சையில சொருகு."

ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளையை ஓடவிட்டேன். இடது, வலது என்று ஆங்கிலத்தில் மாறி மாறிச் சொல்லும் குரல் போன் வழியாக எனக்கே கேட்டது. "யாரோ இங்கிலீஷ்ல பேசறாங்க!" என்றார் அம்மா.

இரவு 1:30-க்கு வந்த குரல்

என் குரலில் "மாத்திரை போட்டுக்கம்மா" என்று பதிவு செய்து சர்வருக்கு அனுப்பினேன். வேவ் ஃபைலாகவே வைத்துக்கொண்டால் ஏபிளே போதும். எம்பி3 வேண்டும் என்றால் எம்பிஜி123 என்ற புரோகிராமைப் போட வேண்டும். குறித்த நேரத்தில் ஓடவைக்க இருக்கவே இருக்கிறது கிரான். கிரான்டேப் ஃபைலில் 0 8 * * * என்று ஒரு வரி, 0 20 * * * என்று ஒரு வரி. முதல் எண் நிமிடம், இரண்டாவது மணி, நட்சத்திரங்கள் மூன்றும் தினமும் என்பதற்கு. வரியின் கடைசியில் ஏபிளே கட்டளையும் ஃபைலின் முழுப் பாதையும்.

அது ஒரு சனிக்கிழமை. வேலை முடிந்தபோது இரவு 9 மணி. அம்மா 8 மணிக்கே மாத்திரை போட்டுவிட்டார். நானும் நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

இரவு 1:35-க்கு போன். அந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"தம்பி, நீ ஹால்ல பேசினாப்ல இருந்துச்சு. மாத்திரை போடச் சொன்னே. கையில வெச்சுட்டு நிக்கறேன். எட்டு மணிக்குப் போட்டேனா இல்லையான்னு இப்ப சந்தேகமா இருக்கு. போடட்டுமா?"

வேண்டாம் என்று நான் கத்தியதில் என் அறை நண்பர் எழுந்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், உபுண்டு சர்வரை இன்ஸ்டால் செய்யும்போது நீங்கள் மாற்றாவிட்டால் அதன் கடிகாரம் யுடிசி என்ற உலக நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சர்வருக்கு இரவு 8 என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1:30. நான் தினமும் கிளவுடில் சர்வர்களை மேய்க்கிறவன். அங்கே எல்லாம் யுடிசிதான், லாக் ஃபைல் படிக்கும்போது ஐந்தரையைக் கூட்டிக்கொள்வது பழக்கம். வீட்டு சர்வரில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. போட்டோ ஃபைலின் நேரம் ஐந்தரை மணி தள்ளி இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ரத்த அழுத்த மாத்திரை அப்படி இல்லை.

டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளை இப்போதைய நேர மண்டலத்தைக் காட்டும். அதோடு செட்-டைம்சோன் என்றும் ஏசியா/கொல்கத்தா என்றும் சேர்த்துக் கொடுத்தால் மாறிவிடும். (கொல்கத்தாவின் ஆங்கில எழுத்துக்கூட்டல் கே-யில் தொடங்கும் புதியது.) மாற்றியதும் கிரான் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அன்று இரவே இதைச் செய்தேன். ஆனால் அம்மாவின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நேரம் சரியாக இருந்தாலும், போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் எந்த நாளும் வரலாம். சர்வர் சொல்கிறதே என்று இரண்டாவது முறை போட்டுவிட்டால்? அதனால் இரண்டு மாற்றம் செய்தேன். "காலை மாத்திரை", "ராத்திரி மாத்திரை" என்று தனித்தனியாகப் பதிவு செய்து, இரண்டிலும் "டப்பாவைப் பார்த்துட்டுப் போடு" என்று சேர்த்தேன். மருந்துக் கடையில் கிழமைக்கு இரண்டு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இந்த ஏற்பாட்டிலேயே மிக நம்பகமான பாகம் அந்த டப்பாதான் என்பதை ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயராகக் கொஞ்சம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் சில சில்லறைத் தொல்லைகள்

முதல் எழுத்துகள் விழுங்கப்பட்டன. "மாத்திரை போட்டுக்கம்மா" என்பது "த்திரை போட்டுக்கம்மா" என்றுதான் கேட்டதாம். "ஏதோ திரை போடச் சொல்றாப்ல இருக்கு" என்று அம்மா சிரித்தார். சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த ஹெச்டி ஆடியோ சிப் தூங்கிவிடும். எழுந்து வரச் சற்று நேரம் பிடிக்கும். டெஸ்ட் செய்யும்போது தொடர்ந்து ஒலி போய்க்கொண்டிருப்பதால் இது தெரியாது. டிரைவரின் பவர்-சேவ் என்ற அளவைப் பூஜ்யம் ஆக்கினால் தூங்காது. நான் அதைத் தொடவில்லை. பதிவின் ஆரம்பத்தில் ஒரு விநாடி மௌனத்தைச் சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

மிக்சரில் செய்த மாற்றங்களை அல்சாசிடிஎல் ஸ்டோர் என்ற கட்டளையை சூடோவோடு கொடுத்துச் சேமித்துவிடுங்கள். கரன்ட் போய் வந்தால் மெஷின் தானாக எழுந்திருக்க, பயோஸில் மின்சாரம் திரும்பியதும் ஆன் ஆகும்படி ஒரு செட்டிங் இருக்கும். அதையும் போட்டுவிடுங்கள். சேமித்தாயிற்று என்று நம்பாமல் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், பாத்திரங்கள்தான் வேறு. விண்டோஸ் சர்வர் 2003-ல் விண்டோஸ் ஆடியோ என்ற சர்வீஸை டிசேபிள் செய்தே கொடுத்தார்கள். (அதற்கான ஆதரவு 2015 ஜூலையோடு முடிந்துவிட்டது. இன்னும் யாராவது வைத்திருந்தால் நெட்டில் இணைக்காதீர்கள்.) பின்னால் வந்த பதிப்புகளிலும் அந்த சர்வீஸ் தானாக ஸ்டார்ட் ஆகாமல் இருக்கலாம். சர்வீசஸ் விண்டோவைத் திறந்து, விண்டோஸ் ஆடியோ, விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர் இரண்டையும் டபுள் கிளிக் செய்து ஆட்டோமேட்டிக் ஆக்கி, ஸ்டார்ட் கொடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் மூலம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்போது சர்வரின் சத்தம் உங்கள் கம்ப்யூட்டரில்தான் கேட்கும், சர்வரில் செருகிய ஸ்பீக்கரில் அல்ல. கனெக்ட் செய்யும் முன்பு லோக்கல் ரிசோர்சஸ் பகுதியில் ரிமோட் ஆடியோ என்பதைக் கிளிக் செய்து, தொலைவிலுள்ள கம்ப்யூட்டரிலேயே ஒலிக்கட்டும் என்ற தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனபோது முதல் வேலையாக டப்பாவைத் திறந்து பார்த்தேன். வியாழக்கிழமை வரை காலி, வெள்ளி முதல் நிரம்பியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை காலை. 8 மணி ஆனதும் அலமாரியிலிருந்து நான் பேசினேன். அம்மா டப்பாவைப் பார்த்து, எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"காலையில சரி. ராத்திரிதான் கரெக்டா எட்டு மணிக்குச் சீரியல் ஆரம்பிக்கறப்ப கத்தறே. எட்டு பத்துக்கு விளம்பரம் போடுவான். அப்பச் சொல்லக் கூடாதா?"

கிரான்டேபைத் திறந்து, இரண்டாவது வரியில் 0 என்று இருந்த இடத்தில் 10 என்று மாற்றிக்கொடுத்தேன்.